பச்சை டிக் வந்துவிட்டது, பைப்லைன் எங்கே?

"கிளஸ்டரில் பைப்லைன் போட்டாகிவிட்டதா?" என்று கேட்கிறார் மேலாளர். "நேற்றே போட்டுவிட்டேன் சார், பச்சை டிக் வந்துவிட்டது" என்கிறார் புதிதாகச் சேர்ந்த பொறியாளர். இருவர் வாயிலும் வருவது ஒரே சொல்தான். மேலாளர் மனத்தில் இருப்பது, நிரலில் ஒரு வரி மாறினாலும் அது தானே சோதிக்கப்பட்டு, பொட்டலமாகி, வெளியீட்டுக்குத் தயாராக வந்து நிற்கும் ஏற்பாடு. பொறியாளர் செய்திருப்பதோ, அப்படியோர் ஏற்பாட்டை இனி எழுதத் தொடங்கலாம் என்ற நிலைக்குக் கிளஸ்டரை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஓடும் கணினிக் கூட்டத்தை, கொண்டுவந்தது மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதே பதிலைச் சொன்னேன். மறுநாள் காலை நான்கு நிரலாளர்கள் தங்கள் மாற்றங்களை நிரல் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு மதியம் வரை காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் பழுதாகியிருக்கவில்லை, நடப்பதற்கு அங்கே எதுவுமே இருக்கவில்லை. "நிறுவுதல்" என்ற சொல்லுக்குக் கிளஸ்டரில் என்ன பொருள் என்பதை அன்று யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக டெக்டானை வைத்துக்கொள்வோம். குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள் நிர்வகிக்கும் கிளஸ்டரில் சேர்க்கக்கூடிய பைப்லைன் கருவி அது. குபர்நெட்டிஸை அடிப்படையாகக் கொண்ட, ரெட் ஹேட் நிறுவனத்தின் ஓபன்ஷிப்ட் தளத்தில் "ஓபன்ஷிப்ட் பைப்லைன்ஸ்" என்ற பெயரில் கிடைப்பதும் உள்ளே டெக்டான்தான்.

அச்சகத்திலிருந்து தொடங்குவோம்

ஓர் அச்சகத்துக்குக் கையெழுத்துப் பிரதி வருகிறது. தட்டச்சு செய்கிறார்கள், மெய்ப்புப் பார்க்கிறார்கள், அச்சடிக்கிறார்கள், மடித்துத் தைத்து அட்டை போடுகிறார்கள், கட்டுக் கட்டாகக் கிடங்கில் அடுக்குகிறார்கள். மெய்ப்பில் பெரிய பிழை தென்பட்டால் அச்சு அங்கேயே நிற்கும். ஒரு வேலை சரியாக முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும்.

மென்பொருளிலும் இதே வரிசைதான். நிரலை எடுக்கிறோம், சோதிக்கிறோம், பிறகு அதையும் அது ஓடத் தேவையான நூலகங்களையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டுகிறோம். இந்தப் பொட்டலத்துக்குக் கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். அதைப் பிரித்து ஓடவிட்டால், மற்றவற்றோடு கலக்காமல் தனியே ஓடுவது கன்டெய்னர். இமேஜ்களை அடுக்கிவைக்கும் கிடங்கு ரெஜிஸ்ட்ரி. களஞ்சியத்திலிருந்து ரெஜிஸ்ட்ரி வரையும் அதற்கு அப்பாலும் போகும் இந்த வேலை வரிசைதான் பைப்லைன்.

ஒவ்வொரு சிறு மாற்றமும் இந்த வரிசையைக் கடந்து, எந்த நேரத்தில் கேட்டாலும் வெளியிடத்தக்க ஒரு பிரதி தயாராக இருந்தால் அது தொடர் விநியோகம். கட்டுகள் கிடங்கில் தயார். லாரியில் ஏற்றலாம் என்று சொல்வது ஒரு மனிதர். கட்டு முடிந்த மறுநிமிடமே யாரையும் கேட்காமல் லாரி கிளம்பினால் அது தொடர் வெளியீடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சி.டி. என்ற ஒரே சுருக்கம் வழங்குவதால், கூட்டங்களில் ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார். டெக்டான் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேராது. லாரிக்கு முன்னால் ஒருவர் கையெழுத்திட வேண்டுமா இல்லையா என்பது நீங்கள் எழுதும் வரிசையைப் பொறுத்தது.

மனு வாங்கும் ஜன்னல்

பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே இயந்திரம் போல வேலை வாங்கினால் அது கிளஸ்டர். அதை நிர்வகிக்கும் மென்பொருள்களில் பரவலானது குபர்நெட்டிஸ். கூகுள் 2014இல் அதைப் பொதுவில் வெளியிட்டது, 1.0 பதிப்பு 2015இல் வந்தது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது கப்பலைவிடத் தாலுகா அலுவலகத்தைத்தான் அதிகம் ஒத்திருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. குபர்நெட்டிஸில் அதற்கு ஏ.பி.ஐ. சர்வர் என்று பெயர். நாம் கொடுக்கும் மனு, யாமல் என்ற வடிவில் எழுதிய ஒரு சிறு கோப்பு. ஜன்னலில் வாங்கிய மனு ஒரு பதிவேட்டில் ஏறும். எட்சிடி என்ற தரவுத்தளம்தான் அந்தப் பதிவேடு. உள்ளே எழுத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள், இவர்கள் கன்ட்ரோலர்கள். ஒவ்வொருவரும் தமக்குரிய வகை மனுக்களை மட்டும் கவனிப்பார்கள்.

இந்த மனுவில் "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று எழுதுவதில்லை. "இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதுகிறோம். "இந்த நிரலின் மூன்று பிரதிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்பது ஒரு மனு. ஒன்று செத்துப்போனால் எழுத்தர் அதைக் கண்டு இன்னொன்றை எழுப்புவார். மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை யார் திறந்துவிட்டார்கள், எப்போது என்றெல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மட்டம் குறைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறது, குறைந்திருந்தால் திறக்கிறது. கன்ட்ரோலர்களும் அப்படியே. இருக்க வேண்டியதையும் இருப்பதையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் தொழில்.

எழுத்தர்களின் உழைப்பு கடைசியில் பாட் ஆகத்தான் வெளிப்படும். ஒரே கணினியில், ஒரே பிணைய முகவரியைப் பகிர்ந்துகொண்டு ஓடும் ஒன்றோ பலவோ ஆன கன்டெய்னர்களின் தொகுப்பு பாட்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஜன்னல் மனுவை வாங்குகிறது, பதிவேடு வைத்துக்கொள்கிறது, எழுத்தர் அதை நிறைவேற்றப் பாடுபடுகிறார். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மீதிப் பாதை சமதளம்.

புதுப் படிவம், புது எழுத்தர்

புத்தம் புதிய குபர்நெட்டிஸ் கிளஸ்டரிடம் "பைப்லைன்" என்ற தலைப்பில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பைப்லைன் என்ற வகைக்குப் பொருத்தம் எதுவும் இல்லை என்றும், சி.ஆர்.டி.க்கள் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் உறுதிசெய்யுங்கள் என்றும் ஒரு செய்தி வரும். கிளஸ்டருக்கு அந்தச் சொல்லே தெரியாது என்பதுதான் அதன் பொருள்.

சி.ஆர்.டி. என்பது கஸ்டம் ரிசோர்ஸ் டெஃபினிஷன் என்பதன் சுருக்கம். "இனி இந்த அலுவலகத்தில் இந்தப் படிவமும் ஏற்கப்படும்; அதில் இன்னின்ன கட்டங்கள் இருக்கும்" என்று சொல்லும் அறிவிப்பு அது. குபர்நெட்டிஸின் மூலநிரலைத் தொடாமலேயே வெளியார் அதற்குப் புதுச் சொற்களைக் கற்றுக்கொடுக்க இந்த வசதி வழிசெய்தது. 2017இல் 1.7 பதிப்பில் வந்தது. என்னைக் கேட்டால், குபர்நெட்டிஸ் இவ்வளவு பரவியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

படிவம் மட்டும் அச்சடித்து வைத்தால் போதுமா? மனு ஏறும், தூங்கும். அதைப் படித்து வேலை செய்ய ஓர் எழுத்தர் வேண்டும். எனவே பைப்லைன் கருவியை நிறுவுவது என்றால் இரண்டு காரியங்கள்: புதுப் படிவங்களை அறிவிப்பது, அவற்றைப் படிக்கத் தெரிந்த எழுத்தரை உள்ளே அமர்த்துவது. அவ்வளவுதான். எந்த மனுவும் இன்னும் எழுதப்படவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மடிக்கணினியிலேயே ஒரு சிறு குபர்நெட்டிஸ் கிளஸ்டரை ஓடவிடும் மினிகியூப் போட்டு, டெக்டானின் வெளியீட்டுக் கோப்பை ஏற்றி, பிறகு டெக்டானின் கன்ட்ரோலர் பாட் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினேன். அதன்பின் ஒரு வேலையை ஓட்டும்படி மனு கொடுத்தேன். ஜன்னல் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. "உருவாக்கப்பட்டது" என்று பதிலும் தந்தது. பட்டியலில் பெயர் இருந்தது. நிலை என்ற கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பத்து நிமிடம் கழித்தும் அப்படியேதான். அந்த எண்ணிக்கையை மீண்டும் ஒன்றாக்கியதும், கொஞ்ச நேரத்தில் பாட் ஒன்று எழுந்து வேலை ஓடத் தொடங்கியது. நான் மறுபடி எதையும் கேட்கவில்லை. வந்து அமர்ந்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார், நிறைவேறாத மனு ஒன்று கிடப்பதைக் கண்டார், எடுத்துச் செய்தார். மிதவை வால்வு என்று மேலே சொன்னது இதைத்தான்.

நிறுவும் நாள்

வெறும் குபர்நெட்டிஸில் வழி நேரானது. டெக்டான் திட்டம் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு யாமல் கோப்பை வெளியிடுகிறது. அதை ஒரே கட்டளையில் கிளஸ்டருக்குக் கொடுக்கலாம். திரையில் ஓடும் வரிகளை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். நாம் பேசிய எல்லாம் அங்கே பெயரோடு வரும். முதலில் டெக்டானுக்கென ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது அலுவலகத்துக்குள் ஒரு தனி அறை. பிறகு படிவங்கள், அனுமதிகள், எழுத்தர்கள். முடிந்ததும் அந்த அறையில் ஓடும் பாட்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கன்ட்ரோலர். மற்றொன்றின் பெயரில் வெப்ஹூக் என்று இருக்கும்; படிவம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று ஜன்னலிலேயே பார்த்துச் சொல்லும் சரிபார்ப்பாளர் அவர். கிட்ஹப் போன்ற தளங்கள் அனுப்பும் செய்திக்கும் வெப்ஹூக் என்றே பெயர். இரண்டும் வேறு வேறு.

ஓபன்ஷிப்டில் இடையே ஒரு தலைமை எழுத்தர் வருகிறார். அவருக்கு ஆபரேட்டர் என்று பெயர். அவரும் ஒரு கன்ட்ரோலர்தான். ஆனால் அவர் கவனிப்பது இன்னொரு மென்பொருளை. அதை நிறுவுவது, பதிப்பு ஏற்றுவது, யாரேனும் கலைத்தால் மறுபடி சீராக்குவது அவர் பொறுப்பு. இந்தக் கருத்தையும் பெயரையும் 2016இல் முன்வைத்தது கோர்ஓஎஸ் நிறுவனம். 2018இல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கியது.

நிர்வாகப் பக்கத்தில் ஆபரேட்டர்கள் பட்டியலைத் திறந்து ரெட் ஹேட் ஓபன்ஷிப்ட் பைப்லைன்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குக் கிளஸ்டர் முழுவதற்குமான நிர்வாகி உரிமை தேவை. புதுப் படிவம் ஓர் அறைக்கு மட்டும் அறிவிக்கப்படுவதில்லை, அலுவலகம் முழுமைக்கும் அறிவிக்கப்படுகிறது; அதனால்தான். பிறகு இரண்டு கேள்விகள் கேட்கும். முதலாவது, எந்தப் பதிப்பு வரிசையைப் பின்தொடர்வது. இரண்டாவது, புதிய பதிப்பு வந்தால் தானே ஏற்றிக்கொள்ளலாமா, உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கலாமா. பயிற்சிக் கிளஸ்டரில் எதுவானாலும் சரி. பலர் நம்பியிருக்கும் கிளஸ்டரில் ஒப்புதலுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் எழுத்தர்கள் மாறி, காலையில் பழைய மனுக்கள் வேறு விதமாக வாசிக்கப்படுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

சில நிமிடங்களில் பச்சை டிக் வரும். அதன் பக்கத்தில் "வெற்றி" என்று இருக்கும். தவறு பிறக்கும் இடம் இதுதான். அந்த டிக் சொல்வது, தலைமை எழுத்தர் வந்து அமர்ந்துவிட்டார் என்பதை மட்டும். அவர் இனிமேல்தான் மற்ற எழுத்தர்களை அமர்த்துவார். அந்த வேலை முடிந்ததா என்பதை டெக்டான்கான்ஃபிக் என்ற மனுவில் பார்க்க வேண்டும். நிறுவியதும் "கான்ஃபிக்" என்ற பெயரில் ஆபரேட்டரே அதை உருவாக்கிக்கொள்ளும். அதன் நிலையில் தயார் என்று வந்த பிறகுதான் டெக்டான் உண்மையில் வந்திருக்கிறது என்று பொருள். ஓபன்ஷிப்ட்-பைப்லைன்ஸ் என்ற நேம்ஸ்பேஸில் பாட்கள் ஓடுகின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மீண்டும் சுருக்கமாக: பச்சை டிக் என்றால் தலைமை எழுத்தர் வந்துவிட்டார். டெக்டான்கான்ஃபிக் தயார் என்றால் எழுத்தர்களும் வந்துவிட்டார்கள். மனுக்கள் இன்னும் பூஜ்யம்.

முதல் ஓட்டம்

டெக்டான் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தச்சர் என்று பொருள். குபர்நெட்டிஸ் மீது ஓடும் கேநேட்டிவ் என்ற திட்டத்தின் ஒரு கிளையாக இந்தக் கருவி தொடங்கிப் பிரிந்து, 2019இல் கன்டினியூவஸ் டெலிவரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் தொடக்கத் திட்டங்களுள் ஒன்றானது. இதே வேலையைச் செய்யும் பழைய கருவியான ஜென்கின்ஸும் அதே ஆண்டு அங்கே சேர்ந்தது.

ஜென்கின்ஸில் பழகியவர்கள் டெக்டானுக்கு வந்ததும் "சர்வர் எங்கே?" என்று தேடுவார்கள். வேலை ஓடும் இடமாக அப்படியொரு தனி சர்வர் இங்கே இல்லை. எழுத்தர்கள் மட்டும் எப்போதும் இருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய பாட்கள் எழுந்து, வேலையை முடித்து, ஓய்ந்துவிடும்.

ஐந்து சொற்கள் தெரிந்தால் போதும். டாஸ்க் என்பது ஒரு வேலையின் குறிப்பு. அதற்குள் வரிசையாக ஸ்டெப் என்ற படிகள் இருக்கும். டாஸ்க்ரன் என்பது அந்தக் குறிப்பின் ஓர் ஓட்டம். டாஸ்க்குகளைக் கோத்தால் பைப்லைன். அதன் ஓர் ஓட்டம் பைப்லைன்ரன். சமையல் குறிப்பும் சமையலும் போல. குறிப்பை எழுதிச் சுவரில் ஒட்டினால் சாம்பார் கொதிக்காது. பைப்லைன் என்ற மனுவைக் கொடுத்துவிட்டு எதுவும் ஓடவில்லையே என்று திகைப்பவர்கள் ரன் என்று முடியும் மனுவை இன்னும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

ஒரு டாஸ்க்ரன் ஒரு பாட் ஆகிறது. அதன் ஒவ்வொரு படியும் அந்தப் பாட்டுக்குள் ஒரு கன்டெய்னர். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பாட்டின் கன்டெய்னர்கள் சாதாரணமாக ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. எல்லாம் சேர்ந்தே தொடங்கிவிடும். அப்படியானால் "முதலில் சோதி, பிறகு கட்டு" என்ற வரிசை எப்படி நிலைக்கிறது? டெக்டான் ஒவ்வொரு கன்டெய்னரின் வாசலிலும் தன் சின்னஞ்சிறு நிரல் ஒன்றை நிறுத்திவைக்கிறது. மூன்று படிகளும் எழுந்துவிடும். பட்டியலில் மூன்றும் ஓடுவதாகவே தெரியும். ஆனால் இரண்டாவதின் வாசலில் நிற்கும் நிரல், குறிப்பிட்ட இடத்தில் ஒரு கோப்பு தோன்றுகிறதா என்று பார்த்தபடி நிற்கும். முதல் படி முடிந்ததும் அந்தக் கோப்பு எழுதப்படும், இரண்டாவது கிளம்பும். ரிலே ஓட்டத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பவரிடம் கட்டை வந்து சேர்வதைப் போல. முதல் படி தோற்றால், மற்றவை தங்கள் வேலையைத் தொடாமலே வெளியேறிவிடும்.

ஒரே டாஸ்க்கின் படிகள் ஒரே பாட்டில் இருப்பதால் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது எளிது. இரண்டு டாஸ்க்குகள் என்றால் இரண்டு பாட்கள். வெவ்வேறு கணினிகளில்கூட இருக்கலாம். முதல் டாஸ்க் நிரலைப் பதிவிறக்கியது, வெற்றி என்றது. இரண்டாவது டாஸ்க் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்றது. புதியவர்கள் பலர் முட்டிக்கொள்ளும் சுவர் இது. முதல் பாட்டின் சொந்த இடத்தில் வைத்தது இரண்டாவதின் கண்ணுக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாக ஓர் அலமாரி வேண்டும். டெக்டான் அதை வொர்க்ஸ்பேஸ் என்கிறது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் கிளஸ்டர் தரும் நிலையான சேமிப்பிடம் இருக்கும். கிளஸ்டரில் இயல்பான சேமிப்பு வகை எதுவும் அமைக்கப்படாவிட்டால் ஓட்டம் உடனே தோற்கவும் செய்யாது, நகரவும் செய்யாது. காத்திருக்கிறது என்ற நிலையிலேயே நிற்கும். அப்போது டெக்டானைத் திட்டாமல் சேமிப்பிடத்தைப் பாருங்கள்.

அழைப்பு மணி

மேலாளர் எதிர்பார்த்தது, நிரல் மாறியதும் தானே ஓடுவது. அதற்கு யாராவது ஒவ்வொரு முறையும் பைப்லைன்ரன் மனு எழுதித் தர வேண்டும். அந்த யாராவது, டெக்டான் டிரிகர்ஸ் என்ற துணைத் தொகுப்பு. வெறும் குபர்நெட்டிஸில் இதைத் தனியாக ஏற்ற வேண்டும். ஓபன்ஷிப்டில் ஆபரேட்டரே கொண்டுவந்துவிடும். அதில் ஈவன்ட்லிசனர் என்ற மனுவைக் கொடுத்தால், வெளியிலிருந்து செய்தி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஒரு பாட் அமரும். நிரல் களஞ்சியம் செய்தி அனுப்பியதும், அதிலிருந்து தேவையான விவரங்களை எடுத்து மனுவை நிரப்பிக் கொடுக்கும்.

ஆனால் அந்தப் பாட் கிளஸ்டருக்குள் இருக்கிறது. வெளியுலகம் அதை எட்ட வாசல் ஒன்றைத் திறந்துவைக்க வேண்டும். ஓபன்ஷிப்டில் அதற்கு ரூட் என்று பெயர். திறக்க மறந்தால் வாசலில்லாத வீட்டுக்குள் மாட்டிய அழைப்பு மணிதான். அந்த நான்கு நிரலாளர்கள் காத்திருந்த நாளில் எங்கள் கிளஸ்டரில் மணியும் இல்லை, வாசலும் இல்லை.

இமேஜை ரெஜிஸ்ட்ரியில் வைக்கவும், பூட்டிய களஞ்சியத்திலிருந்து நிரலை எடுக்கவும் சாவிகள் வேண்டும். எழுத்தர் உங்கள் பெயரில் வேலை செய்வதில்லை. சர்வீஸ் அக்கவுன்ட் என்ற தனி அடையாளத்தில் செய்கிறார். சாவிகளை அந்த அடையாளத்தோடு இணைக்க வேண்டும். ஓபன்ஷிப்டில் உங்கள் நேம்ஸ்பேஸுக்குள் "பைப்லைன்" என்ற பெயரிலேயே அந்த அக்கவுன்ட் காத்திருக்கும்.

கழற்றும் நாள்

ஒரு நாள் கருவியை நீக்க நேரலாம். ஆபரேட்டரை நீக்கினால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பது அடுத்த தவறு. தலைமை எழுத்தர் மட்டும்தான் போவார். படிவங்களும் மற்ற எழுத்தர்களும் அங்கேயே இருப்பார்கள். ஆகவே முதலில் டெக்டான்கான்ஃபிக்கை நீக்க வேண்டும். ஆபரேட்டர் அதைக் கண்டு தான் அமர்த்தியவர்களை வெளியேற்றும். ஆபரேட்டரை நீக்குவது அதற்குப் பிறகு.

எஞ்சிய சி.ஆர்.டி.க்களைத் துடைக்கும்போது கையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். படிவத்தை ரத்துசெய்தால், அந்தப் படிவத்தில் அதுவரை எழுதிய எல்லா மனுக்களும், எல்லா நேம்ஸ்பேஸ்களிலும், பதிவேட்டிலிருந்து அழிந்துபோகும். பைப்லைன் என்ற சொல்லைக் கிளஸ்டர் மறந்தால், அந்தச் சொல்லில் யார் எழுதிய வாக்கியமும் அங்கே மிஞ்சாது. எங்கள் கிளஸ்டரில் இது நடந்தபோது மூன்று குழுக்களின் பைப்லைன்கள் ஒரே கட்டளையில் போயின. இரண்டு குழுக்கள் தங்கள் யாமல் கோப்புகளைக் கிட் களஞ்சியத்தில் வைத்திருந்தன. கருவியை மறுபடி நிறுவி, கோப்புகளை ஏற்றி, மதிய உணவுக்குள் வேலையைத் தொடர்ந்தார்கள். மூன்றாவது குழு எல்லாவற்றையும் திரையிலேயே சொடுக்கிச் சொடுக்கி உருவாக்கியிருந்தது. அவர்கள் அந்த வாரம் முழுவதும் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.